சண்டையை நிறுத்தத் தெரிந்த ராஜா



இந்த இதழின் சிறுவர் பகுதியில் ஒரு ராஜா கதை வருகிறது. விக்கிரமாதித்தன் இல்லை, கிருஷ்ணதேவராயரும் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில், ஒரு மலைநாட்டை ஆண்டவர். பெயர் மொஷ்வெஷ்வே.

பெயர் வாயில் நுழையவில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் சிரமமெல்லாம் நமக்குத்தான். டைனோசர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இது எம்மாத்திரம்? சவரக்கத்தி தாடியில் ஓடுகிற சத்தத்தை வைத்து அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க உங்கள் வீட்டில் 'ஷ்வே ஷ்வே'தான்.

ஆப்பிரிக்கா என்றதும் நம் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வரும்? சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, ஒரு கார்ட்டூன் படம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் பாலைவனம், பஞ்சம். 54 நாடுகள் இருக்கிற கண்டம் அது. அங்கேயும் ராஜாக்கள் இருந்தார்கள், சபை கூட்டினார்கள், சட்டம் போட்டார்கள், வெள்ளைக்கார கவர்னர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்று நாம் சொல்லியிருக்கிறோமா? நமக்கே யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் பொது அறிவுக்காக மட்டும் இந்தக் கதையைப் போடவில்லை. நம் பிள்ளைகள் கேட்டு வளர்கிற ராஜா கதைகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஜெயித்தது யார்? பாடப்புத்தகத்திலும் அதேதான். எந்த ஆண்டு, எந்தப் போர், யார் யாரை வென்றார். மொஷ்வெஷ்வேயும் ஜெயித்தவர்தான். ஜெயித்த கையோடு அவர் என்ன செய்தார் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

தென் ஆப்பிரிக்காவின் மேப்பை எடுத்துப் பாருங்கள். அதற்குள்ளேயே, நாலாபுறமும் அந்த நாடு சூழ்ந்திருக்க, லெசோத்தோ என்று ஒரு குட்டி நாடு தெரியும். தமிழ்நாட்டின் பரப்பில் நாலில் ஒரு பங்குகூட வராது. நாடு முழுவதுமே கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடமாடும் ஊர்.

அங்கே மெங்குவானெங் என்ற கிராமத்தில், 1786 வாக்கில், ஒரு சின்னத் தலைவருக்கு மகனாகப் பிறந்தவன் லெபோகோ. பிற்காலத்து மொஷ்வெஷ்வே இவன்தான். பெரிய வம்சம் எல்லாம் இல்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் இப்படிப் பத்துத் தலைவர்கள் இருந்திருப்பார்கள்.

நல்ல பிள்ளையாகவும் வளரவில்லை. முன்கோபி. அற்பக் காரணத்துக்கெல்லாம் ஆளைக் கொன்றவன் என்று அந்த மக்களின் கதைகளே சொல்கின்றன. பக்கத்துத் தலைவர் ஒருவரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, 'அவர் தாடியையே மழித்துவிட்டேன்' என்று தற்பெருமையாகப் பாட்டுக் கட்டினான். அந்த 'ஷ்வே ஷ்வே' பெயர் வந்தது அப்படித்தான்.

பேரன் போகிற போக்கைப் பார்த்துப் பயந்தவர் தாத்தா பீட்டே. அவனைக் கூட்டிக்கொண்டு மொஹ்லோமி என்ற பெரியவரிடம் போனார். அந்த நாளில் வைத்தியத்துக்கும் விவேகத்துக்கும் பேர்போனவர் அவர். பேரன் அவரிடம் என்ன கேட்டான் தெரியுமா? பெரிய தலைவனாக ஆவதற்கு ஒரு மருந்து கொடுங்கள் என்று!

அப்படி ஒரு மருந்து கிடையாது, உன் மனசுதான் மருந்து என்று சொல்லி அனுப்பினாராம் மொஹ்லோமி. ஏழைக்குத் துணையாக இரு, நியாயமாகத் தீர்ப்புச் சொல், சமாதானத்தைத் தேடு. இவ்வளவுதான் பிரிஸ்கிரிப்ஷன். ஞாபகசக்திக்கு ஒரு டானிக், உயரத்துக்கு ஒரு பவுடர் என்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்குகிற நமக்கும் இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வரவேண்டும்.

கேட்ட மறுநாளே அவன் திருந்திவிடவில்லை. காலம்தான் திருத்தியது.

1820களில் அந்தப் பகுதி முழுவதும் கலவரம். வறட்சி ஒரு பக்கம். கிழக்கே எழுந்த போர்களில் துரத்தப்பட்டவர்கள், அடுத்த இனத்தைத் துரத்திக்கொண்டு வந்தது இன்னொரு பக்கம். ஊர் ஊராகக் காலியானது. லிஃபகானே என்று அந்தக் காலத்துக்கே தனிப் பெயர் உண்டு. புத்தா-புத்தே என்ற மலையில் இருந்த மொஷ்வெஷ்வேயின் ஆட்களையும் எதிரிகள் முற்றுகை போட்டுப் பட்டினி போட்டார்கள்.

1824-ஆம் ஆண்டின் நடுவில், கடும் குளிர்காலத்தில், அவர் எல்லோரையும் கிளப்பினார். (ஜூன், ஜூலையில் எப்படிக் குளிர்காலம் என்று பிள்ளை கேட்கும். தயாராக இருங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் பருவங்கள் தலைகீழ்.) பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், ஆடு மாடு எல்லாவற்றோடும் 100 கிலோமீட்டருக்கும் மேல் நடை. போய்ச் சேர்ந்த இடம் தாபா போசியு. 'இரவின் மலை' என்று பொருள். ராத்திரியானால் இந்த மலை வளர்ந்துவிடும், எதிரியால் ஏற முடியாது என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள்.

மலை ராத்திரியில் வளர்கிறதோ இல்லையோ, கோட்டை கட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சுற்றிலும் செங்குத்தான பாறை. உச்சி தட்டை, சுமார் 2 சதுர கிலோமீட்டர். மாடு மேய்க்கப் புல் உண்டு, குடிக்க ஊற்று உண்டு. ஏறி வருவதற்கு ஒருசில வழிகள்தான். அந்த வழிகளின் தலையில் பாறைகளைக் குவித்து வைத்தாயிற்று. அவர் உயிரோடு இருந்தவரை எந்தப் படையாலும் அந்த மலையைச் சண்டை போட்டுப் பிடிக்க முடியவில்லை.

அந்த நடைப் பயணத்தில்தான் கதையின் மிகக் கொடுமையான சம்பவம் நடந்தது. பின்தங்கி வந்த தாத்தா பீட்டேவைச் சிலர் பிடித்துக் கொன்று தின்றுவிட்டார்கள்.

ஆமாம், தின்றுவிட்டார்கள். ராகொட்சோவானே என்பவனின் கூட்டம்.

இதைக் குழந்தைகள் பக்கத்தில் போடலாமா என்று எங்கள் ஆசிரியர் குழுவில் நல்ல வாக்குவாதம். 'எடுத்துவிடலாம், அம்மாக்கள் திட்டுவார்கள்' என்று ஒரு கட்சி. 'எடுத்தால் கதையே இல்லை' என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணத்தைச் சொல்கிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கொஞ்ச காலம் கழித்து அந்தக் கூட்டம் மொஷ்வெஷ்வேயின் கையில் சிக்கியது. வெட்டிப் போடுங்கள் என்று ஊரே கத்தியது. மொஷ்வெஷ்வே சொன்ன பதிலை இன்றைக்கும் அந்த நாட்டில் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். என் தாத்தா இவர்கள் வயிற்றுக்குள்தானே போனார்? அப்படியானால் இவர்கள்தான் அவருடைய கல்லறை. கல்லறையை யாராவது இடிப்பார்களா?

சொன்னதோடு நிற்கவில்லை. கல்லறைக்குச் செய்கிற சுத்திச் சடங்கை அந்த மனிதர்களின் வயிற்றின்மேல் செய்ய வைத்தார். மாடும் கொடுத்தார், குடியிருக்க இடமும் கொடுத்தார். தானியம் எரிந்து, மாடு பறிபோய், பசியில் மிருகமாகிப்போன மனிதர்கள் அவர்கள். பால் கறக்க ஒரு மாடும், உழுது விதைக்க ஒரு துண்டு நிலமும் கிடைத்ததும் மறுபடி மனிதர்களானார்கள்.

பழைய காமிக்ஸ்களில் பார்த்திருப்பீர்கள். அண்டாவில் தண்ணீர் கொதிக்கும், சுற்றிலும் ஆப்பிரிக்கர்கள் ஈட்டியோடு குதிப்பார்கள். அந்தப் படம் நம் மனசில் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. சம்பவத்தை மறைத்துவிட்டால் அந்தக் கோடு அப்படியே இருக்கும். பஞ்சமும் போரும் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும், ஒரு மாடு அவனை எப்படித் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும் என்று சொன்னால்தான் அது அழியும். ரத்தமும் சதையுமாக விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் கதையிலும் அப்படி எழுதவில்லை. ஆனால் மூடி மறைக்கவும் இல்லை. டி.வி.யிலும் மொபைல் கேமிலும் தினம் நூறு பேர் செத்து விழுவதைப் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். மன்னிப்பதைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

அடுத்த சம்பவம் 1831-இல். உம்சிலிகாசி என்ற பலம் வாய்ந்த அரசரின் என்டெபெலே படை தாபா போசியுவின் அடிவாரத்தில் வந்து இறங்கியது. கட்டுக்கோப்பான படை. ஆற்றங்கரையில் இளைப்பாறி, ஈட்டிகளைத் தீட்டிக்கொண்டு, ஒருநாள் மலை ஏறத் தொடங்கினார்கள். பாதி வழி வரும்வரை மேலே சத்தமே இல்லை. பிறகு பாறைகள் உருண்டன. ஈட்டிகள் பறந்தன. அவர்களுடைய தலைவர்கள் எவ்வளவு அதட்டியும், ஏறியவர்கள் திரும்பி ஓடினார்கள்.

மறுநாள் அந்தப் படை ஊர் திரும்பக் கிளம்பியது. அப்போது மலையிலிருந்து ஓர் ஆள் கொழுத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர்களை நோக்கி வருகிறான். கூடவே ஒரு செய்தி: பசிதான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று எங்கள் ராஜா நினைக்கிறார். போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்ளச் சொல்லி இதைக் கொடுத்தனுப்பினார்.

தோற்று ஓடுகிறவனுக்கு யாராவது சாப்பாடு கட்டிக் கொடுப்பார்களா? கேட்கிறபோது நமக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் படை அதற்குப் பிறகு அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடு அனுப்பியவர், முதலில் பாறையை உருட்டியவர். இது கையாலாகாதவனின் பொறுமை இல்லை. நம் வீட்டுச் சண்டைகளில் நாம் கோட்டை விடுகிற இடமும் இதுதான். பிள்ளை ஸ்கூலில் அடி வாங்கிக்கொண்டு வந்தால், 'அவன் ஒண்ணு அடிச்சா நீ ரெண்டு அடி' என்கிறோம். இல்லாவிட்டால், 'நீ ஏன் அவன்கிட்ட போனே?' என்று அதட்டுகிறோம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. உன்னைக் காப்பாற்றிக்கொள், அப்புறம் அவன் எழுந்து போவதற்கும் ஒரு வழி விடு. இதைப் பிள்ளைக்கு உபதேசமாகச் சொன்னால் காதில் ஏறாது. கதையாகச் சொன்னால் ஏறும்.

மூன்றாவது சம்பவம் வெள்ளைக்காரர்களோடு. 1852 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி கேத்கார்ட் படையோடு வந்தார். மாடு திருட்டுக்கு அபராதமாக 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. கெடுவுக்குள் வந்து சேர்ந்தது 3,500 மாடுகள்தான். டிசம்பர் 20-ஆம் தேதி பெரியா பீடபூமியில் சண்டை. மொஷ்வெஷ்வேயின் குதிரைப் படை பிரிட்டிஷாருக்குத் தண்ணி காட்டியது. கேத்கார்ட் அசந்து போயிருந்தார்.

அன்று நள்ளிரவில் மொஷ்வெஷ்வேயிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், எங்களைத் தண்டித்துவிட்டீர்கள், இது போதும், சமாதானமாகப் போவோம் என்ற தோரணையில். கேத்கார்டும் அதைப் பிடித்துக்கொண்டு, பிடித்த மாடுகளோடு திரும்பிப் போய்விட்டார்.

ஜெயித்தேன் என்று சொல்லியிருக்கலாமே? ஊர் கூட்டி விழா எடுத்திருக்கலாமே? எடுத்திருந்தால் அடுத்த மாதம் இன்னும் பெரிய படை வந்திருக்கும். மானத்தோடு திரும்பிப் போக எதிராளிக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். நம் குடும்பங்களில் எத்தனை கதவுகள் இப்படித் திறக்கப்படாமல் துருப்பிடித்துக் கிடக்கின்றன! பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை என்று பேச்சை நிறுத்திய பெரியப்பா வீடு. பாகப்பிரிவினையில் ஒரு முழம் வாய்க்கால் வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி. யார் பக்கம் நியாயம் என்று இருவருக்குமே இப்போது மறந்துபோயிருக்கும். முதல் வார்த்தையை யார் பேசுவது என்பதுதான் பாக்கி.

மொஷ்வெஷ்வேயை உத்தமர் என்று தூக்கி வைக்கவில்லை. இளம் வயதில் மாடு திருடியதைச் சொல்லிவிட்டேன். மனைவிகள் ஏராளம். அந்த ஊரில் தலைவர்கள் பல குடும்பங்களோடு உறவு உண்டாக்கிக்கொள்ளப் பல கல்யாணம் செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவர் தாராளத்திலும் கணக்கு உண்டு. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு மஃபிசா என்ற முறையில் மாடு கொடுப்பார். பால் உங்களுக்கு, உழவுக்கும் ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் மாடும் கன்றும் ராஜாவுக்குச் சொந்தம். வந்தவன் பசியாறுவான், கூடவே ராஜாவின் ஆளாகவும் ஆகிவிடுவான். இப்படி ஒவ்வொரு கூட்டமாகச் சேர்ந்துதான் பசோத்தோ என்ற மக்களினமே உருவானது. தயவும் சாமர்த்தியமும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா என்ன?

துப்பாக்கியோடு புது மனிதர்கள் வருகிறார்கள் என்றதும் அவர் என்ன செய்தார்? அந்த மனிதர்களின் வழிமுறை தெரிந்தவர்களைத் தானே வரவழைத்தார். 1833-இல் பிரான்சிலிருந்து கசாலிஸ், ஆர்பூசே, கோஸ்லான் என்று மூன்று மிஷனரிகள் வந்தார்கள். பசோத்தோ மக்களின் செசோத்தோ மொழி எழுத்துக்கு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அவர்கள் சொன்னதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்டார், பிடித்ததை எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானம் மட்டும் கடைசிவரை பெறவில்லை. பிட்சோ என்ற ஊர்ச்சபையில் யாரும் எழுந்து ராஜாவையே குறை சொல்லலாம். 1854-இல் வெளியிலிருந்து வந்த சாராயத்துக்குத் தடை போட்டார். சூனியக்காரி என்று பழி சுமத்திக் கொல்வதற்கு எதிராக 1855-இல் சட்டம் கொண்டுவந்தார்.

முடிவு சினிமா போல இனிக்காது. குடியேறிய வெள்ளையர்களின் ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்டோடு 1858-இலும் 1865-இலும் போர். 1865 ஆகஸ்டில் தாபா போசியுவில் ஏற முயன்ற அவர்களின் தளபதி வெப்பனர் மலைச்சரிவிலேயே செத்து விழுந்தார். மலை நின்றது. கீழே விளைச்சலை எரித்துவிட்டார்கள். நல்ல விளைநிலம் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. வயதான ராஜா, தான் சண்டையிட்ட அதே பிரிட்டிஷாரிடம் பாதுகாப்புக் கேட்டார். 1868 மார்ச் 12 அன்று அது கிடைத்தது. 1870 மார்ச் 11 அன்று அவர் கண்ணை மூடினார். தாபா போசியுவில்தான் அடக்கம். மார்ச் 11 இன்றும் அங்கே அரசு விடுமுறை.

இழந்த நிலம் திரும்பவில்லை. ஆனால் மிச்சமிருந்த நாடு பிழைத்தது. 1966 அக்டோபர் 4-ஆம் தேதி லெசோத்தோ சுதந்திர நாடானது. சுற்றிலும் இனவெறி ஆட்சி நடந்த காலத்தில், நடுவில் அந்தச் சட்டங்கள் செல்லாத ஒரு குட்டி நாடு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிழவர் எதை விடுவது, எதை விடக்கூடாது என்று யோசித்து எடுத்த முடிவின் பலன் அது. தோல்வியை இப்படியும் கையாளலாம் என்று மார்க் குறைந்து வந்து நிற்கிற பிள்ளைக்கு வேறு எந்த ராஜா சொல்லித் தருவார்?

ஒரு வேண்டுகோள். பிள்ளை கையில் இதழைக் கொடுத்து, 'படிச்சுக்கோ' என்று அனுப்பிவிடாதீர்கள். கூட உட்கார்ந்து வாசியுங்கள். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, பீட்டே தாத்தாவைப் பற்றி அவர்களுக்கும் நிறையச் சொல்ல இருக்கும். ராகொட்சோவானே பிடிபட்ட இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். 'நீயா இருந்தா என்ன பண்ணுவே?' என்று கேளுங்கள். பதிலைத் திருத்த வேண்டாம். இந்தக் கதையிலிருந்து நாம் கற்கும் நீதி என்று கடைசியில் இரண்டு வரி சேர்க்கவும் வேண்டாம். எங்கள் கதையிலும் அதைப் போடவில்லை.

பிள்ளைகள் சொன்ன பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம். 'அந்த ராஜா பண்ணது சுத்த லூசுத்தனம், நானா இருந்தா ஒரு மாடுகூட குடுத்திருக்க மாட்டேன்' என்று எழுதுகிற பிள்ளையின் கடிதத்துக்கும் இடம் உண்டு. அவனுக்கும் லெபோகோவின் வயதுதானே!

அன்புடன்,
ஆசிரியர்